ரொட்டிக் கூடைக்குள் நடந்த கூட்டம்

"உள்ளாகட்டி சாரா பேசறது?"

"ஆமாம்மா, நீங்க யாரு?"

"பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. எங்க ஊர்ல பிள்ளைங்க எல்லாம் உங்களாலதான் அழுவுது."

எங்கள் கன்னடப் பக்கத்தில் உள்ளாகட்டி என்றால் வெங்காயம். மிளகாய், வெல்லம், அரிசி, பருப்பு என்று மளிகைக் கடையே குடும்பப் பெயராக நடமாடும் பூமி இது. என் தாத்தா வெங்காயம் விற்றார். நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் விற்கிறேன். உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதில் இரண்டு வியாபாரமும் ஒன்றுதான். தாத்தாவின் சரக்கைச் சாம்பாரிலாவது போடலாம்.

போனில் பேசியவள் எல்லவ்வா. கெம்பனகட்டி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்றே நினைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் யாருக்குப் பதில் சொல்கின்றன என்பதை ஐந்து வருடம் ஆராய்ந்தவன் நான். பள்ளிக்கு ஒரு பெற்றோர் குழு உண்டு. அது மாதம் ஒருமுறை கூட வேண்டும். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளின் புத்தகங்களைப் புரட்டி, எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து, யாராவது எதிர்த்துப் பேசினார்களா என்றெல்லாம் எண்ணி மதிப்பெண் போட்டேன். எதிர்த்துப் பேசியிருந்தால் கூடுதல் மதிப்பெண். ஜனநாயகம் அல்லவா.

கெம்பனகட்டிக்குத் தொண்ணூற்று நான்கு. மாவட்டத்திலேயே முதல். அந்தப் புத்தகத்தில் தாய்மார்கள் பேசவில்லை, முழங்கினார்கள். 'கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்காமல் இந்தச் சபை கலையலாகாது என்று திருமதி எல்லவ்வா எழுந்து நின்று எச்சரித்தார்' என்று ஒரு வரி. அதை டில்லி மாநாட்டில் வாசித்தபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசித்த நானும் துடைத்துக்கொண்டேன்.

"தசரா லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தா கணக்கு டீச்சர் ரேணுகாவைக் காணோம் சார்" என்றாள் எல்லவ்வா. "தூக்கி வேற ஊருக்குப் போட்டுட்டாங்க. ஏன்டான்னு கேட்டா, உங்க அறிக்கையில எங்க ஸ்கூல் ரொம்ப நல்ல ஸ்கூல்னு இருக்காம். பெத்தவங்களே கவனிச்சுக்கற ஸ்கூலுக்கு ரெண்டு வாத்தியார் போதுமாம். நாற்பத்தோராம் பக்கமாம்."

நாற்பத்தோராம் பக்கத்தில் நான் அப்படி எழுதவில்லை. 'சமூகக் கண்காணிப்பு வலுவாக உள்ள பள்ளிகள் குறைந்த வளங்களிலும் தாக்குப்பிடிக்கும்' என்றுதான் எழுதியிருந்தேன். அழகான வாக்கியம் என்று அப்போது இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

"என் பொண்ணு பாக்யா அஞ்சாவது படிக்கறா. பிப்ரவரியில உறைவிடப் பள்ளிக்குப் பரீட்சை. பாதி மார்க்கு கணக்குல. பாஸானா அங்கயே தங்கிப் பத்தாவது வரைக்கும் படிப்பா. இல்லேன்னா என்கூடப் பருத்தி எடுக்க வருவா. நான் சீட்டு கேக்கல சார். டீச்சரைத் திருப்பிக் குடுங்க."

"பார்க்கறேன்மா" என்றேன். அரசாங்கத்தை ஆராய்கிறவனுக்கு அரசாங்கத்தின் வாய் வந்துவிடுகிறது. அடுத்த வாரமும் அவள் கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். மூன்றாவது போனுக்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.

*

கெம்பனகட்டி ஹெட்மாஸ்டர் சிதானந்த கட்டிமணி, இரண்டாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் முதுகோடு முதுகாக உட்கார வைத்து நடுவில் நின்று நடத்திக்கொண்டிருந்தார். வலது கை வாய்ப்பாடு, இடது கை பாட்டு. என்னைக் கண்டதும் இரண்டு கையும் நின்றுபோயின. ஓடிப்போய் மிளகாய் பஜ்ஜிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மதியம், சாப்பாடு சமைக்கும் கங்கவ்வா தலையில் ரொட்டிக் கூடையோடு வீட்டுக்குக் கிளம்பினாள். மூடியிருந்த துணி விலகியது. சோள ரொட்டிக்கு அடியில் நீல அட்டை தெரிந்தது. தீர்மானப் புத்தகம். பக்கத்தில் மைப்பெட்டி.

"இது எங்க போகுது கங்கவ்வா?"

"கூட்டத்துக்கு சார்."

"கூட்டம் எங்க நடக்குது?"

"இதுக்குள்ளதான்" என்று கூடையைத் தட்டிக் காட்டினாள்.

ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. மாதக் கடைசியில் மேஷ்ட்ரு, அதாவது ஹெட்மாஸ்டர், கூட்டத்தை எழுதிக் கொடுப்பார். இவள் போகிற வழியில் பதினெட்டு வீடு, நாலைந்து வயல். மாவுக் கையோ மண் கையோ, துடைத்துவிட்டு ஒரு பெருவிரல். அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளியில் உட்கார்ந்தால் செடியில் இருக்கும் பருத்தி தானாக மூட்டைக்குள் குதிக்குமா?

நான் கட்டிமணியைப் பார்த்தேன். "அப்போ அந்தத் தாழ்ப்பாள்?"

"அது கற்பனைதான் சார்" என்று அவர் தலை குனிந்தார். ஆனால் அது குற்றவாளியின் குனிவு இல்லை, ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளுக்கு வாலிபத்தில் பதினோரு நாடகம் எழுதியவரின் குனிவு. "கதவு இல்லேங்கறது மட்டும் நிஜம்."

"அந்த எதிர்ப்பெல்லாம்?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டா சீன் நிக்காது சார்."

என் டில்லிக் கண்ணீரை நினைத்துக்கொண்டேன். ஐந்து வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் நான் அளந்தது ஜனநாயகம் அல்ல, ஹெட்மாஸ்டர்களின் எழுத்து நடை.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு எல்லவ்வா வயலிலிருந்து வந்துவிட்டாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். "வாங்க சார். போன்ல குரல் பெரிய ஆளா இருந்துச்சு" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேஷ்ட்ருவிடம் திரும்பினாள். "எங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க."

கட்டிமணி வாசித்தார். இரண்டாவது பக்கத்தில் மேடைக் குரல் வந்துவிட்டது.

"'வட்டாரக் கல்வி அதிகாரி (பி.இ.ஓ.) அவர்களிடம் தலைவி எல்லவ்வா பணிவுடன் வேண்டிக்கொண்டதாவது...'"

"யவ்வா! பணிவா? நானா?" எல்லவ்வா இடுப்பில் கை வைத்தாள். "மேஷ்ட்ரே, என் மாமியாகிட்டயே நான் பணிவா பேசினதில்ல. பி.இ.ஓ.கிட்ட எதுக்குப் பேசறேன்?"

"என் பேரே வரல" என்றாள் ஹனுமவ்வா என்பவள். "மூணு மாசமா விரல் வெக்கறேன், ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? நான் என்ன ஊமையா?"

"நீ வேஷம் கேக்கறியாடி?" என்றாள் கங்கவ்வா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சிரிப்போடு சிரிப்பாக நான் என் தீர்வைச் சொன்னேன். புத்தகம் பொய் என்று இலாகாவுக்கு எழுதிவிடுகிறேன். மதிப்பெண் தொண்ணூற்று நான்கிலிருந்து இருபதுக்கு இறங்கும். மோசமான பள்ளி என்று ஆகிவிட்டால் டீச்சர் திரும்பி வந்துவிடுவாள்.

கட்டிமணி விரலிடுக்கில் இருந்த சாக்பீஸ் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஷ்ட்ருவ என்ன பண்ணுவாங்க?" என்று எல்லவ்வா கேட்டாள்.

"விசாரணை வரும். சஸ்பெண்ட் ஆகலாம்."

"அப்போ மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாயிடும். சார், கணக்கு உங்களுக்கும் வராதா?"

*

பி.இ.ஓ. மரியாதையானவர். காப்பி வரவழைத்தார். "உங்க அறிக்கையைத்தான் சார் நாங்க வேதமா வெச்சிருக்கோம்" என்று ஆரம்பித்தார்.

"அதை நான் திருப்பி வாங்கிக்கறேன்."

"அறிக்கைய வெச்சு மட்டும் ஆர்டர் போடல சார். மாவட்டப் பள்ளித் தரக் குழு தீர்மானம் இருக்கு." ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஆகஸ்டு பதினான்கு. ஆறாவது பொருள்: கெம்பனகட்டி முதலான சிறந்த பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களைப் பின்தங்கிய பள்ளிகளுக்கு மாற்றுதல். 'குழு உறுப்பினர் டாக்டர் உள்ளாகட்டி இதனை மனமார வரவேற்றுப் பேசினார்.'

கீழே ஏழு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது. அடியில் ஒரு வால் இழுத்து, வாலுக்கு இரண்டு புள்ளி வைத்திருந்தேன். அவ்வளவு உற்சாகமாக.

எனக்கு நாள் நன்றாக நினைவு வந்தது. காலையில் எங்கள் ஊர் உப்புமாவான உப்பிட்டைத் தின்றுகொண்டிருந்தேன். குழுவின் பியூன் ஈரப்பா வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றான். "எங்க போடணும்ப்பா?" என்றேன். விரலால் இடம் காட்டினான். போட்டேன். "என்னங்க அது?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல, கமிட்டி" என்றேன். இரண்டு வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறேன். கூட்டம் எந்தக் கட்டடத்தில் நடக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பி.இ.ஓ. என் முகத்தைப் பார்த்துவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "தீர்மானம் போட்டு எடுத்தது சார். தீர்மானம் போட்டுத்தான் திருப்பணும். என் கையில ஒண்ணுமில்ல."

குழுத் தலைவர் இனாம்தாருக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர்.

"கூட்டமா? ஏப்ரல்ல வெச்சுக்கலாம்பா. பேத்தி கல்யாண வேலை. அவசரம்னா வழக்கம்போல புக்கை அனுப்பிடு."

"இல்ல சார், இந்தத் தடவை எல்லாரும் உக்காந்து பேசி..."

"உக்காந்தா எனக்கு எந்திரிக்க முடியறதில்லப்பா."

விடவில்லை நான். பொறுப்புக்கூறலைப் பற்றி நூற்றெண்பது பக்கம் எழுதியவன், ஒரு உண்மையான கூட்டம் நடத்த முடியாதா? கடிதம் போட்டேன். போன் போட்டேன். ஒரு சனிக்கிழமை நாள் குறித்தேன். குறைந்தது நான்கு பேர் வர வேண்டும். ஹாலில் ஏழு நாற்காலி, ஏழு தண்ணீர் பாட்டில், ஏழு பேனா, நான். பதினொரு மணிக்கு ஈரப்பா ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தான். அடுத்த சனிக்கிழமை வக்கீல் உறுப்பினர் வந்தார். "ஓ, யாரும் வரலியா? அப்ப நான் வந்ததா வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லவ்வா தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். "இன்னியோட நாற்பத்தாறு நாள் சார்" என்பாள். மறுநாள் நாற்பத்தேழு. எண்ணுவதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டாள். திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சூடாக ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு மறுபடியும் கெம்பனகட்டி பஸ் ஏறினேன்.

"மேஷ்ட்ரே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "ஒரு கூட்டம் எழுதித் தரணும்."

கட்டிமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆயுள் முழுக்க அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தவர்போல இருந்தது. "எத்தனை பாத்திரம்?"

"ஏழு."

"எல்லாரும் படிச்சவங்களா?"

"ரொம்ப."

"அப்ப வசனம் சுருக்கமா இருக்கணும். எதிர்க்கறது யாரு?"

"எதிர்ப்பே வேண்டாம் மேஷ்ட்ரே. சட்டுன்னு முடியட்டும்."

"அது எப்படி சார்? எதிர்ப்பு இல்லாத கூட்டத்தை உங்களை மாதிரி ஆளுங்க நம்ப மாட்டாங்க. கூடுதல் மார்க்கு வேற போகும்."

குத்தினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி, நானே எதிர்க்கறேன். அப்புறம் மனசு மாறிடறேன்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தார். ரேணுகா டீச்சரைக் கெம்பனகட்டிக்கே திருப்பி அனுப்பும் தீர்மானம். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே இருந்தது.

*

புத்தகத்தை நானே எடுத்துப் போகிறேன் என்றேன். எல்லவ்வா விடவில்லை. "தனியா விட்டா என்னென்னமோ எழுதிக்கிட்டு வருது அது" என்று, கங்கவ்வாவின் கூடையை வாங்கிக்கொண்டு ஜில்லாத் தலைநகருக்குக் கூடவே வந்தாள். அடியில் புத்தகம், மேலே நாலு ரொட்டி, கொஞ்சம் கடலைச் சட்னிப்பொடி. ஆட்டோ பிடித்து வீடு வீடாகப் போனோம்.

இனாம்தார் சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே கை நீட்டினார். போட்டார். "கூடையில என்னம்மா, ரொட்டியா? வெண்ணெய் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். வக்கீல் கார் முன்மூடியின் மேல் வைத்துப் போட்டார். டாக்டர் ஒரு நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே இன்னொரு கையால் போட்டார். அறக்கட்டளைச் செயலாளர் அவசரத்தில் என் வரிசையில் போட்டுவிட்டு, "பரவாயில்ல, நீங்க என்னோடதுல போட்டுக்கங்க" என்றார். மற்ற இருவரும் போனில் பேசிக்கொண்டே போட்டார்கள்.

ஆறு வீட்டிலும் எல்லவ்வா வாசற்படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஒரு வரி படிக்கவில்லை. ஆறாவது வீட்டு கேட்டைச் சாத்திவிட்டு வெளியே வந்ததும் நின்றாள்.

"சார், எங்க ஊர்ல ஹனுமவ்வான்னு பாத்தீங்களே. அவ ஒவ்வொரு மாசமும் 'எதுக்குடி இது?'ன்னு கங்கவ்வாகிட்ட கேட்டுட்டுத்தான் விரலை வெப்பா. இவ சொல்ற பதில் பொய்யாவே இருக்கட்டும், கேப்பா. இங்க அதுகூட ஒருத்தரும் கேக்கலியே."

"இவங்களுக்கு வேலை அதிகம்" என்றேன்.

"ஆமா. எங்களுக்கு வேலையே இல்ல பாருங்க."

பி.இ.ஓ.விடம் புத்தகத்தைக் காட்டத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "நான் கூட வந்ததுக்கு, என்ன எழுதியிருக்குன்னாவது வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். 'முதலில் டாக்டர் உள்ளாகட்டி இத்தீர்மானத்தை எதிர்த்தார். குழந்தைகளின் நிலை எடுத்துரைக்கப்பட்டபின் மனம் மாறி ஆதரித்தார்' என்ற இடத்தில் என் தோளைத் தட்டி நிறுத்தினாள்.

"எதுக்கு எதிர்த்தீங்க?"

"அது சும்மாம்மா. நாடகத்துக்காக மேஷ்ட்ரு போட்டது."

"இல்ல சார். முழுப் புத்தகத்துல அது ஒண்ணுதான் நிஜம். நீங்க வர்றதுக்கு மூணு போன் ஆச்சு."

சொல்லிவிட்டு ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். சட்னிப்பொடி காரம். கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம்.

*

ஒன்பது நாளில் உத்தரவு வந்துவிட்டது. பொய்க்கூட்டம் என்றால் அரசாங்கம் அவ்வளவு விரைவு. டிசம்பர் நடுவில் ரேணுகா டீச்சர் கெம்பனகட்டிக்குத் திரும்பினாள். அவள் அங்கே இல்லாமல் போன நாட்கள் அறுபத்தெட்டு. எல்லவ்வா கடைசியாகச் சொன்ன எண் அது. அதன்பிறகு போன் வரவில்லை. சாயங்காலம் ஆனால் கை தானாகப் போனைத் தேடும்.

மார்ச் கடைசியில் கூப்பிட்டாள்.

"பாக்யா ரிசல்ட்டு வந்துருச்சு சார். காத்திருப்போர் பட்டியல்ல மூணாவது."

அறுபத்தெட்டு நாள் என்பது கணக்கில் எத்தனை பாடம் என்று மனசு தானாகவே பெருக்கிப் பார்த்தது.

"அழுதாளா?"

"அவ அழல. பின்னம் போடறதுக்கு முன்னாடியே டீச்சர் போயிட்டாங்கம்மா, அதுலதான் ஆறு மார்க்கு போச்சுன்னு கணக்குச் சொல்றா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்தவ பிள்ளைக்குக் கெடுதல் வேண்டக் கூடாது சார். அதனால சீட்டு கிடைச்சவங்கள்ல மூணு பேருக்கு இதைவிட நல்ல ஸ்கூல் கிடைக்கட்டும்னு எல்லம்மா சாமிகிட்ட வேண்டியிருக்கேன். இப்படி வேண்டலாமில்ல?"

"வேண்டலாம்மா. நானும் வேண்டிக்கறேன்."

"நீங்க வேண்டாம் சார். நீங்க கை வெச்சது போதும்" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் கூட்டம் வந்தது. அதாவது, ஸ்கூட்டரில் வந்தது. காலை எட்டரை மணி. ஈரப்பா வழக்கம்போல இயந்திரத்தை அணைக்காமல், வழக்கம்போலப் பக்கத்தைத் திறந்து, வழக்கம்போல விரலை வைத்தான். "இங்க சார்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம் பொறுத்தான். இரண்டு நிமிஷம் பொறுத்தான். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சார், இன்னும் நாலு வீடு இருக்கு. பெட்ரோல் எரியுது."

"வண்டிய நிறுத்துப்பா."

"என்ன சார் இது, பரீட்சைக்கா படிக்கறீங்க?"

ஏழாவது பொருளில் நான் இருந்தேன். என் மதிப்பெண் முறையை இன்னும் மூன்று மாவட்டங்களுக்கு விரிவுபடுத்துவது, அதன்படி ஆசிரியர்களை மாற்றுவது. 'டாக்டர் உள்ளாகட்டி நெகிழ்ந்து நன்றி கூறினார்.' வெகு சுமாரான நடை. கட்டிமணி எழுதியிருந்தால் யாராவது ஒருவர் எழுந்து நின்று எச்சரித்திருப்பார்.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: 'டாக்டர் உள்ளாகட்டி எதிர்த்தார். மனம் மாறவில்லை.'

ஜன்னலில் ஈரப்பா தலையில் கை வைத்துக்கொண்டான். "அய்யோ சார், இப்படி அடிச்சா தலைவர் ஒத்துக்க மாட்டாரு. மறுபடி எழுதணும். மறுபடி ஏழு வீட்டுக்கும் நான்தான் அலையணும்."

"அலையாதே. அவங்களை ஒரு இடத்துக்கு வரச் சொல்லு."

"வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

ஈரப்பா ஸ்கூட்டரை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, படியேறி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்காகிட்ட ஒரு டீ சொல்லுங்க சார்" என்றான். "இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?"